பேக்கப் இருந்தால் போதாது, திரும்ப வர வேண்டும்: சிறு நிறுவனங்களுக்கான கிளவுட் மீட்பு வழிகாட்டி

சிறு நிறுவனம் நடத்துபவர்களிடம் "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "எடுக்கிறோமே" என்றுதான் பதில் வரும். "அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்காக எழுதியது. நகல் எடுப்பது பாதி வேலைகூட இல்லை. அந்த நகலை வைத்து, வேறொரு கணினியில், உங்களால் பொறுத்துக்கொள்ள முடிந்த நேரத்துக்குள் தொழிலை மறுபடி ஓட வைக்க வேண்டும். பேரிடர் மீட்பு என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்.

பேரிடர் என்றதும் வெள்ளமும் நிலநடுக்கமும்தான் என்று நினைக்க வேண்டாம். ஹார்டு டிஸ்க் ஒருநாள் காலையில் எழுந்திருக்காமல் போவது, லேப்டாப் திருடு போவது, யாரோ அவசரத்தில் தவறான ஃபோல்டரை அழிப்பது, ரான்சம்வேர் புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிடுவது. சின்ன நிறுவனத்தை ஆட்டிவைக்க இவை போதும்.

தனியாக ஐடி ஆள் இல்லாத, சில கணினிகளும் ஒரு கணக்கு மென்பொருளும் ஒரு இணையதளமும் வைத்திருக்கும் நிறுவனத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு படியையும் செய்துவிட்டு அடுத்ததற்குப் போனால் நல்லது.

முதல் படி: எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

மென்பொருள் எதையும் நிறுவுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்குத் தேவையான தகவல் எதுவெது, ஒவ்வொன்றும் எந்தக் கணினியில், எந்த ஃபோல்டரில், எந்த இணையச் சேவையில், யார் பெயரிலுள்ள கணக்கில் இருக்கிறது என்று எழுதுங்கள். கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் பட்டியல், ஒப்பந்தங்கள், சம்பள விவரம் எல்லாம் தானாகவே நினைவுக்கு வரும். விட்டுப்போவது வேறு சில.

மின்னஞ்சல் அதில் முதலாவது. வேறு எந்தச் சேவையின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றாலும் அதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது கையை விட்டுப் போனால் மற்றவையும் கூடவே போய்விடும். இணையதளப் பெயரைப் பதிவு செய்த கணக்கு இரண்டாவது. பல இடங்களில் அது எப்போதோ தளம் வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலேயே கிடக்கிறது. அப்புறம், வாடிக்கையாளர்கள் ஆர்டர் அனுப்பும் வாட்ஸ்அப் இருக்கும் செல்பேசி, மென்பொருட்களின் உரிமக் குறியீடுகள், ஓடிபி வந்து விழும் எண், பிரவுசரே நினைவில் வைத்திருப்பதால் யாருக்குமே மனப்பாடமாகத் தெரியாத கடவுச்சொற்கள். இவையெல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும்.

இரண்டாவது படி: இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு எண்களைக் குறியுங்கள். எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் தாங்க முடியும்? எவ்வளவு நேரத்துக்குள் அது திரும்ப ஓட வேண்டும்? இத்துறையில் முதலாவதை ஆர்பிஓ என்றும் இரண்டாவதை ஆர்டிஓ என்றும் சொல்வார்கள். விற்பனையாளர்களிடம் பேசும்போது இந்த இரண்டு சொற்களும் உதவும்.

இரவு 10 மணிக்கு ஒரு முறை நகல் எடுக்கிறீர்கள், மறுநாள் மாலை 6 மணிக்கு டிஸ்க் போய்விட்டது என்றால், அன்று முழுக்கப் போட்ட பில் ஒன்றுகூட நகலில் இருக்காது. அச்சடித்த பில்களைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிட முடியும் என்றால் கவலையில்லை, ஒருநாள் இடைவெளி போதும். எல்லாமே திரையில்தான் நடக்கிறது, தாளே இல்லை என்றால் அந்த மென்பொருளுக்கு மட்டும் மணிக்கொரு முறை நகல் வேண்டும். எல்லாவற்றுக்கும் "உடனே வேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள். நிமிடக் கணக்கில் மீள வேண்டுமென்றால் இன்னொரு சர்வர் எப்போதும் தயாராக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், செலவு பல மடங்கு ஏறும். ஐந்து வருடத்துக்கு முந்தைய புகைப்படங்கள் மூன்று நாள் கழித்து வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது படி: சிங்க் செய்வதை பேக்கப் என்று நம்பாதீர்கள்

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை அருமையான சேவைகள். ஆனால் அவற்றின் முதல் வேலை, உங்கள் கணினியில் நடப்பதை அப்படியே மேலேயும், அதாவது இணையம் வழியாக எட்டும் அவர்களது சர்வர்களிலும் (கிளவுடிலும்), செய்வது. இதைத்தான் சிங்க் என்கிறோம். கணினியில் ஒரு ஃபோல்டரை அழித்தால் கிளவுடிலும் அழியும். ரான்சம்வேர் ஒரு கோப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்பு சுறுசுறுப்பாக மேலேறி நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். குப்பைத்தொட்டியும் பழைய பதிப்புகளும் கைகொடுக்கும், ஆனால் கெடு உண்டு. கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் போட்டது 30 நாளில் தானாக அழிகிறது. நிறுவனங்களுக்கான ஒன்டிரைவில் வழக்கமான கெடு 93 நாள். வருடக் கணக்கு முடிக்கும்போதுதான் "அந்தக் கோப்பு எங்கே?" என்று தேடுவோம், அதற்குள் கெடு தாண்டியிருக்கும்.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது பொறுப்புப் பங்கீடு. கிளவுட் நிறுவனம் தன் கட்டடம், மின்சாரம், சர்வர், டிஸ்க் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். நீங்களே அழித்த கோப்பு, உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவர் அழித்த கோப்பு, அட்டை காலாவதியாகிப் பணம் கட்டாமல் விட்டதால் மூடப்பட்ட கணக்கு, இவையெல்லாம் உங்கள் பக்கத்துப் பொறுப்பு. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இது தெளிவாகவே எழுதியிருக்கும்.

நான்காவது படி: நகல்களை எங்கே வைப்பது

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இன்றும் நல்ல தொடக்கம். மொத்தம் 3 பிரதிகள், 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். சிறு நிறுவனத்துக்கு இது எப்படி அமையும்? வேலை செய்யும் கணினியில் இருப்பது ஒன்று, அலுவலகத்தில் உள்ள வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நாஸ் பெட்டியிலோ (அலுவலகக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) ஒன்று, கிளவுடில் ஒன்று. பக்கத்தில் இருப்பது வேகமாக மீட்க, தூரத்தில் இருப்பது அலுவலகமே போனாலும் மீட்க.

"வேறு இடம்" என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகத்தில், அதாவது அதன் சர்வர்கள் இருக்கும் கட்டடங்களில், தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது, இன்னொன்றிலும் ஒரு பகுதி சேதமானது. சர்வரும் அதன் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின. அவர்களும் கிளவுடில்தான் வைத்திருந்தார்கள், பேக்கப்பும் எடுத்துத்தான் இருந்தார்கள். ஆகவே உங்கள் இணையதளமோ மென்பொருளோ ஏற்கெனவே கிளவுடில் ஓடுகிறது என்றால், அதன் நகல் வேறொரு ஊரிலுள்ள டேட்டா சென்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு தொடங்கும்போது "ரீஜன்" என்று ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அங்கேதான் இது முடிவாகிறது. வாடிக்கையாளர் தகவலை நாட்டுக்கு வெளியே வைக்கலாமா என்று உங்கள் நாட்டுச் சட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, நகல் எப்போதும் கணினியோடு இணைந்தே கிடக்கக் கூடாது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் பரவியபோது கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் உலகளாவிய கணினி வலையமைப்பு சில மணி நேரத்தில் முடங்கியது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அதன் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றின் நகலாக ஒன்று இயங்கியவை. அதனால் எல்லாமே ஒருசேர அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் மின்வெட்டினால் அந்த நேரத்தில் அணைந்து கிடந்தது. அதை வைத்துத்தான் மற்றவற்றைத் திரும்பக் கட்டினார்கள். உங்கள் வெளி ஹார்டு டிஸ்க் வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்பட வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. முடிந்தால் இரண்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது படி: அமைப்பது

எளிய வழியில், பேக்கப் மென்பொருளையும் கிளவுட் இடத்தையும் சேர்த்தே தரும் சேவையை மாதக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் ரெஸ்டிக், டூப்ளிகாட்டி போன்ற இலவச மென்பொருளை அமேசான் எஸ்3, பேக்பிளேஸ் பி2, வசாபி போன்ற ஸ்டோரேஜோடு இணைக்கலாம், செலவு குறையும். எனக்குக் கேட்டால், அப்படி ஒருவர் இல்லாதவர்கள் முதல் வழியையே எடுக்கலாம். யாருக்கும் புரியாத மலிவான அமைப்பு நெருக்கடி நேரத்தில் உதவாது.

எதை எடுத்தாலும் கீழே சொல்பவற்றைச் சரிபாருங்கள்.

தகவல் உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் முன்பே மறையாக்கம் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட வேண்டும். அதற்கான சாவியை, அதாவது மறையாக்கக் கடவுச்சொல்லை, தாளில் எழுதி அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். ரெஸ்டிக் போன்றவற்றில் அது தொலைந்தால் நகலைத் திறக்க வேறு வழியே கிடையாது, மென்பொருளை எழுதியவர்களாலும் முடியாது. அந்தக் கடவுச்சொல்லைப் பேக்கப் எடுக்கப்படும் அதே கணினியில் ஒரு நோட்பேட் கோப்பாகச் சேமித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது அது.

பழைய பதிப்புகள் எவ்வளவு காலம் இருக்கும் என்று பாருங்கள். தினசரி நகல்கள் இரண்டு வாரம், வாராந்தரம் இரண்டு மாதம், மாதாந்தரம் ஒரு வருடம் என்று வைத்தால் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்குப் போதும். தீம்பொருள் புகுந்து சத்தமில்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கக் கூடும், நேற்றைய நகல் மட்டும் இருந்தால் அதிலும் அது இருக்கும். கணக்கு ஆவணங்களைச் சட்டப்படி எத்தனை வருடம் வைக்க வேண்டுமோ அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகலை யாராலும் அழிக்க முடியாதபடி குறிப்பிட்ட காலத்துக்குப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அமேசான் எஸ்3-இல் அதற்கு ஆப்ஜெக்ட் லாக் என்று பெயர். அதன் கம்ப்ளையன்ஸ் முறையில், கெடு முடியும்வரை கணக்கின் சொந்தக்காரரே நினைத்தாலும் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. இது ஏன் வேண்டும் என்பதற்கு மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்துக் கொடுத்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் சாட்சி. 2014 ஜூனில் ஒருவர் அதன் அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் நுழைந்து பணம் கேட்டார். நிறுவனம் கட்டுப்பாட்டைத் திரும்பப் பிடிக்க முயன்றதும், உள்ளேயிருந்த தகவலையும் பேக்கப்பையும் பெருமளவு அழித்துவிட்டார். நிறுவனம் அதோடு மூடப்பட்டது. அழியாப் பூட்டு வேண்டும், பேக்கப் வேறொரு கணக்கில் இருக்க வேண்டும், இரண்டு கணக்குகளுக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்பது) வேண்டும்.

டேட்டாபேஸ் கோப்புகளை, அதாவது மென்பொருள் தன் பதிவுகளையெல்லாம் சேர்த்து வைக்கும் கோப்புகளை, அப்படியே நகலெடுக்காதீர்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதி எழுதிய நிலையில் கோப்பு பிடிபடும், திரும்ப வைத்தால் திறக்காமல் போகலாம். கணக்கு மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு வசதி இருக்கும், அதைத் தினமும் ஓட வைத்து, அது உருவாக்கும் கோப்பைக் கிளவுடுக்கு அனுப்புங்கள். இணையதளம் போன்றவற்றின் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் வகை என்றால் மைஎஸ்க்யூஎல்டம்ப், போஸ்ட்கிரெஸ் வகை என்றால் பிஜி டம்ப் என்ற கருவி இந்த வேலையைச் செய்யும்.

வேகத்தைக் கணக்கிடுங்கள். உங்களிடம் 500 ஜிபி தகவல் இருக்கிறது, மேலேற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், முதல் முறை ஏற்றி முடிக்கக் குறைந்தது 55 மணி நேரமாகும். அதற்குப் பிறகு மாறியவை மட்டும் ஏறும், பிரச்சினை இல்லை. அதே 500 ஜிபியை 100 மெகாபிட் இணைப்பில் கீழிறக்க 11 மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது படியில் "4 மணி நேரம்" என்று எழுதியிருந்தீர்களானால் கிளவுட் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு டிஸ்க் வேண்டும். குறைந்த விலை என்று ஆவணக் கிடங்கு வகை ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வைத்த கோப்பை வழக்கமான முறையில் கேட்டால் கைக்கு வர 12 மணி நேரம்வரை ஆகும், 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் 180 நாளுக்கான கட்டணம் உண்டு. வெளியே இறக்குவதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் சேவைகளும் உண்டு, அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆறாவது படி: மீட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் நம்பிக்கை மட்டும்தான்.

மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமிக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்துக்கு நடந்ததைத் தொழில்நுட்பம் தெரியாதவர்களும் ஒரு முறை கேட்க வேண்டும், ஏனென்றால் அது முழுக்க முழுக்கத் தொழில்நுட்ப ஆட்களே நடத்தும் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் தினசரி நகல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது, அந்த நேர்மைக்கு நாமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஒத்திகையை எப்படி நடத்துவது? பேக்கப் மென்பொருள் இதுவரை நிறுவப்படாத ஒரு கணினியை எடுங்கள், பழைய லேப்டாப் ஆனாலும் பரவாயில்லை. வழக்கமாக இதையெல்லாம் கவனிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, வேறொருவர் தாளில் எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடங்கல் பெரும்பாலும் நுழையும்போதே வரும். கடவுச்சொல் சரி, ஆனால் ஓடிபி உரிமையாளரின் செல்பேசிக்குப் போகிறது, அவர் வெளியூரில் இருக்கிறார். இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைக்கும்போது தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வைத்திருந்தால் இங்கே நிற்க வேண்டியதில்லை. அடுத்து மென்பொருளை நிறுவும்போது, உரிமம் பழைய கணினியோடு கட்டப்பட்டிருக்கும், அதை விடுவிக்க விற்றவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். மூன்றாவதாக, பழைய பதிப்பில் எடுத்த நகலைப் புதிய பதிப்பு நேரடியாகத் திறக்காமல் மாற்றச் சொல்லும்.

இதையெல்லாம் தாண்டிக் கோப்பு திறந்தவுடன் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கடைசி பில் எண் என்ன? அது நேற்று மாலை போட்டதா, போன மாதம் போட்டதா? ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கித் தொகையை ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு பிடிஎஃப், ஒரு எக்செல், ஒரு படம் என்று எங்கிருந்தாவது எடுத்துத் திறந்து பாருங்கள். எங்கெல்லாம் தடுமாறினீர்களோ அதையெல்லாம் குறிப்பில் திருத்தி எழுதுங்கள். முழு ஒத்திகை வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு கோப்பை மட்டும் மீட்டுப் பார்ப்பது மாதம் ஒரு முறை. கணக்கு மென்பொருளையோ சர்வரையோ மாற்றினால் அன்றைக்கே ஒரு முறை.

இடைப்பட்ட நாட்களில், பேக்கப் மென்பொருள் அனுப்பும் அறிக்கையைப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "தோற்றால் மட்டும் மின்னஞ்சல்" என்று வைக்காமல், வெற்றி பெற்றாலும் வரும்படி வையுங்கள். மின்னஞ்சல் வராத நாளில் அவர் எழுந்து போய்ப் பார்ப்பார்.

ஏழாவது படி: அந்த நாளுக்கான ஒரு பக்கம்

நெருக்கடியில் யாருக்கும் யோசனை ஓடாது, ஆகவே செய்ய வேண்டியதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். முடிவெடுப்பவர் யார், அவர் கிடைக்காவிட்டால் யார், இணைய இணைப்பு தருபவர், மென்பொருள் விற்றவர், பேக்கப் சேவையின் உதவி எண், எல்லாம் அதில் இருக்க வேண்டும். கிளவுடில் மட்டும் சேமித்து வைத்தால் கிளவுடுக்குள் நுழைய முடியாத நாளில் பயன்படாது.

டிஸ்க் சத்தம் போடுகிறது, கணினி எழவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், மிச்சமிருப்பதும் போகும். தவறுதலாக அழித்த கோப்பு என்றால் அதே டிஸ்க்கில் மீட்பு மென்பொருள் எதையும் நிறுவாதீர்கள், அழிந்த கோப்பின் இடத்தில் அது எழுதிவிடும்.

ரான்சம்வேர் என்றால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையில் தெரியும் மிரட்டலைச் செல்பேசியில் படம் எடுங்கள். பேக்கப் டிஸ்க்கை மட்டும் அந்தக் கணினியில் தப்பித் தவறியும் செருக வேண்டாம். பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது அதைத்தான், நல்ல நகலும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பணம் கட்டினால் திறந்துவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் இணையப் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளத்தில், பூட்டிய ஒரு கோப்பை ஏற்றினால் அது எந்த வகை என்று சொல்லும். சில வகைகளுக்கு இலவசத் திறப்பான்களும் அங்கே கிடைக்கின்றன.

மீட்கும் வரிசையையும் முன்பே எழுதி வையுங்கள். பாதிக்கப்படாத ஒரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு இணையதளப் பெயர், வங்கி, கிளவுட் கணக்குகள். அப்புறம் புதிதாக இயங்குதளம் நிறுவிய கணினியில் கணக்கு மென்பொருளும் அதன் தகவலும், அடுத்து அன்றாடக் கோப்புகள், கடைசியாகப் பழைய ஆவணங்கள். வாடிக்கையாளர்களின் தகவல் வெளியே கசிந்திருக்கலாம் என்று தோன்றினால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பல நாடுகளின் சட்டம் வகுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் அது 72 மணி நேரம். உங்கள் நாட்டு விதியை அந்தப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கியதும் பாதிக்கப்பட்ட டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி, எந்தக் கணினியிலும் இணைக்காமல் சில மாதம் ஓரமாக வையுங்கள். விட்டுப்போன கோப்பு ஒன்று அதில் மட்டும் இருப்பது பிறகு தெரியவரலாம், இன்று திறப்பான் இல்லாத ரான்சம்வேருக்குப் பின்னால் ஒன்று வரவும் கூடும்.